மார்கழிக்கு முன்னால் ஒரு பள்ளி

2022 தீபாவளி கழிந்த மூன்றாம் நாள் எனக்குப் பதவி உயர்வு உத்தரவு வந்தது. பாளையங்கோட்டையில் பன்னிரண்டு ஆண்டுகள் வங்கி எழுத்தராக இருந்தவளுக்கு அதிகாரி என்ற பெயரும், அதோடு தாம்பரம் என்ற ஊரும் சேர்ந்து கிடைத்தன. பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு ஊரைத் திருப்பிக் கொடுக்க வழியில்லை. கணவர் திருநெல்வேலி டவுனில் சிறிய அச்சகம் நடத்துகிறார். எந்திரங்களைத் தூக்கிக்கொண்டு வர முடியாது என்பதால் நானும் அத்தையும் இரண்டாம் வகுப்பு படிக்கும் மகளும் மட்டும் கிளம்புவது என்று முடிவாயிற்று.

கல்வியாண்டின் நடுவில் மாறாமல் மே வரை மகளை அங்கேயே விட்டுவைக்கலாம் என்று சிலர் சொன்னார்கள். ஏழு வயதுப் பிள்ளையை ஏழு மாதம் விட்டுவிட்டு அறுநூறு கிலோமீட்டருக்கு அப்பால் பணம் எண்ணிக்கொண்டிருக்க என்னால் ஆகாது. அத்தைக்கு வேறு கவலை. "மார்கழி பிறந்துவிட்டால் தை வரைக்கும் பால் காய்ச்ச முடியாதம்மா. போவதென்றால் கார்த்திகைக்குள் போய்விட வேண்டும்" என்றார். ஆக, மார்கழி பிறக்கும் டிசம்பர் 16-க்குள் வீடு, பள்ளி இரண்டும் முடிந்தாக வேண்டும். எந்தப் பள்ளியின் நாட்காட்டியிலும் இல்லாத சேர்க்கைக் காலம் இது.

நான் முதலில் தனியாக வந்து வேலையில் சேர்ந்து, பெண்கள் விடுதி ஒன்றில் தங்கிக்கொண்டு, சனி ஞாயிறுகளில் தேடினேன். செய்த முதல் தவறு, வீட்டை முதலில் பிடித்தது. கைப்பேசிச் செயலியில் சேலையூர்ப் பக்கம் ஒரு வீடு கிடைத்தது. மனதில் வைத்திருந்த பள்ளிக்கும் அந்த வீட்டுக்கும் வரைபடத்தில் விரலால் அளந்தால் ஒன்றரைக் கிலோமீட்டர்கூட இல்லை. மகிழ்ச்சியில் பத்தாயிரம் ரூபாய் டோக்கன் அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன். மறுநாள் திங்கட்கிழமை, காலை எட்டு மணிக்கு ஆட்டோ பிடித்து அந்த வழியில் போய்ப் பார்த்தபோதுதான் தாம்பரத்தின் புவியியல் புரிந்தது. இந்த ஊரை ரயில் பாதை கிழக்கு, மேற்கு என்று இரண்டாக வெட்டிப் போட்டிருக்கிறது. கிழக்கில் இருப்பவருக்கு மேற்கில் இருக்கும் பள்ளியின் கூரை தெரியலாம். ஆனால் அங்கே போய்ச் சேரப் பாலத்தைச் சுற்ற வேண்டும், ஜி.எஸ்.டி. சாலையில் நின்று நின்று ஊர வேண்டும். நாற்பத்திரண்டு நிமிடம் ஆயிற்று. அதே வழியில் திரும்பி வந்து டோக்கனைக் கேட்டேன். தரகர் பாதியைத் திருப்பிக் கொடுத்தார். மீதி ஐயாயிரம் என் கல்விக் கட்டணம்.

அதன் பிறகு எந்த வீட்டைப் பார்த்தாலும் வீட்டுக்காரரிடம் வாடகை கேட்பதற்கு முன்பே ஒரு வேலை செய்தேன். வாசலிலிருந்து அருகில் இருக்கும் பள்ளிவரை காலை எட்டரை மணிக்கு நடந்து பார்ப்பது. ஞாயிறு மாலை நடந்து பார்த்தால் எல்லாத் தெருவும் நல்ல தெருவாகத்தான் தெரியும். நவம்பர் மழை இதில் எனக்குப் பெரிய உதவி. எந்தத் தெருவில் தண்ணீர் நிற்கிறது, எந்தக் கால்வாய் திறந்து கிடக்கிறது, எந்த மதில் சுவரில் இடுப்பளவுக்குப் பழைய தண்ணீர்க் கோடு தெரிகிறது என்பதெல்லாம் மழைக்காலத்தில் கேட்காமலே தெரிந்துவிடுகிறது. 2015 டிசம்பரில் அடையாறு நிரம்பி முடிச்சூர், வரதராஜபுரம் பக்கமெல்லாம் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்த கதையைத் தேநீர்க் கடைக்காரரிலிருந்து ஆட்டோக்காரர்வரை எல்லாரும் சொன்னார்கள். வெயில் காலத்தில் வீடு பார்ப்பவர்களிடம் இந்தக் கதையை யாரும் தானாக எடுப்பதில்லை.

வீடு ஒருவழியாகக் கிழக்குப் பக்கத்திலேயே வேறு தெருவில் அமைந்தது. முதல் மாடி, நல்ல தண்ணீர். பள்ளி?

ஏழு தனியார் பள்ளிகளுக்குத் தொலைபேசியில் பேசினேன், நான்குக்கு நேரில் போனேன். வரவேற்பில் இருப்பவரிடம் "அட்மிஷன் இருக்கிறதா?" என்று கேட்டால் வரும் பதில் ஒன்றுதான்: ஜூனில் வாருங்கள். மூன்றாவது பள்ளிக்குப் பிறகு கேள்வியை மாற்றினேன். "இரண்டாம் வகுப்பில் எத்தனை பிரிவு, ஒவ்வொன்றிலும் எத்தனை பிள்ளைகள், தீபாவளிக்குப் பிறகு யாராவது டி.சி. வாங்கிப் போனார்களா?" இப்படிக் கேட்டால் குறைந்தது அலுவலகத்தில் இருக்கும் யாரிடமாவது இணைப்பைக் கொடுக்கிறார்கள். என்னைப்போல் மாற்றலாகி வருபவர்கள் உண்டு என்றால், மாற்றலாகிப் போகிறவர்களும் உண்டு அல்லவா?

அப்படி இரண்டு இடங்களில் காலி இடம் இருந்தது. ஒன்றில் மகளுக்குத் தேர்வு வைக்க வேண்டும் என்றார்கள். ஏழு வயதுக் குழந்தைக்கு நான்கு பக்க வினாத்தாள். பள்ளியில் சேர்க்கக் குழந்தையையோ பெற்றோரையோ சோதித்துத் தேர்ந்தெடுக்கக் கூடாது என்று 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 13-ஆம் பிரிவு சொல்கிறது. முதல் முறை மீறினால் 25,000 ரூபாய் வரை அபராதம். இதை நான் அங்கே சொன்னேனா? இல்லை. இடம் வேண்டி வந்தவள் சட்டம் பேசினால் இடம் கிடைக்காது என்று பயந்து, மகளை உள்ளே அனுப்பிவிட்டு வெளியில் உட்கார்ந்திருந்தேன். அவள் வந்து, "அம்மா, பன்னிரண்டாவது கேள்வி எங்கள் மிஸ் நடத்தவே இல்லை" என்றாள். இடமும் கிடைக்கவில்லை. சட்டம் தெரிந்தும் வாய் மூடியிருந்தது இன்றைக்கும் உறுத்துகிறது.

இன்னொன்றில் இடம் தரத் தயார், ஆனால் ஜூனிலிருந்து மார்ச் வரையிலான முழு ஆண்டுக் கட்டணமும் கட்ட வேண்டும் என்றார்கள். நான்கு மாதப் படிப்புக்குப் பத்து மாதப் பணம். ரசீதில் எப்படிக் காட்டுவீர்கள் என்று கேட்டேன். பாதிக்கு ரசீது, மீதிக்குக் கிடையாது. வங்கிக்காரியிடம் சொல்லக்கூடிய பதிலா அது? தமிழ்நாட்டில் தனியார் பள்ளிகளுக்கான கட்டணத்தை 2009-இல் வந்த சட்டப்படி அமைந்த குழு பள்ளிவாரியாக, வகுப்புவாரியாக நிர்ணயிக்கிறது. எந்தப் பள்ளியில் சேர்க்கப் போனாலும் அந்தத் தொகை எவ்வளவு என்று முதலில் பார்த்துக்கொண்டு போவது நல்லது. பேரம் பேசுவதற்காக இல்லாவிட்டாலும், எந்த அளவுக்கு ஏமாறுகிறோம் என்று தெரிந்து ஏமாறலாம்.

மத்திய அரசுப் பள்ளியான கேந்திரிய வித்யாலயாவில் முயன்று பார் என்று அலுவலகத்தில் சொன்னார்கள். அங்கே இரண்டாம் வகுப்பிலிருந்து புதிய சேர்க்கை என்றால் இடம் காலியாக இருக்க வேண்டும், அதுவும் ஏப்ரலில். நவம்பருக்கு அது உதவாது.

அரசு அலுவலகம் ஒன்றில் முறையிடலாம் என்று ஒரு நாள் விடுப்புப் போட்டுச் சென்னைக்குள் இருக்கும் கல்வி அலுவலகம் ஒன்றின் படி ஏறினேன். அங்கே இருந்தவர் என் முகவரியைப் பார்த்துவிட்டு, "அம்மா, தாம்பரம் சென்னை மாவட்டம் இல்லை, செங்கல்பட்டு மாவட்டம். உங்களுக்குப் புனித தோமையார்மலை ஒன்றியம்" என்று பொறுமையாகச் சொன்னார். 2019-இலேயே காஞ்சிபுரத்திலிருந்து செங்கல்பட்டு தனி மாவட்டமாகிவிட்டது. கடிதத்தில் சென்னை 600059 என்று எழுதிப் பழகிய கைக்கு அது எப்படித் தெரியும்? புது ஊருக்குப் போகிறவர்கள் முதல் நாளே தெரிந்துகொள்ள வேண்டியது இது: அஞ்சல் முகவரி வேறு, வருவாய் மாவட்டம் வேறு, கல்வி ஒன்றியம் வேறு. பள்ளி தொடர்பான எதற்கும் மூன்றாவதுதான் முக்கியம். அந்த ஒன்றியத்தின் வட்டாரக் கல்வி அலுவலர் யார், எங்கே உட்கார்கிறார் என்று குறித்துக்கொண்டால் ஒரு நாள் விடுப்பு மிச்சமாகும்.

இந்த அலைச்சலுக்கு நடுவில் பால் காய்ச்சி, மகளும் அத்தையும் வந்தாயிற்று. மகள் ஒரு வாரமாக வீட்டில். தெரு முனையில் இஸ்திரி போடும் அண்ணன் அவளைப் பார்த்து, "பாப்பா எந்தப் பள்ளி?" என்று கேட்க, அத்தை எங்கள் சோகத்தை விவரித்திருக்கிறார். அவர் நிலக்கரியை ஊதிக்கொண்டே, "பின்னால் தெருவில் பள்ளிக்கூடம் இருக்கிறதே, அங்கே எப்போது போனாலும் சேர்த்துக்கொள்வார்களே" என்றாராம். அத்தை அதை என்னிடம் நகைச்சுவையாகத்தான் சொன்னார்.

நான் தினமும் பஸ் நிறுத்தத்துக்குப் போகும் வழி அது. ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி என்ற நீலப் பலகை. தாம்பரம் 2021-இல் மாநகராட்சி ஆகிவிட்டாலும் பலகை இன்னும் ஊராட்சியில்தான் இருந்தது. பள்ளிக்கூடம் தேடி ஊரெல்லாம் சுற்றிய எனக்கு, அது பள்ளிக்கூடமாகவே கண்ணில் படவில்லை. என் அம்மா, அத்தை, நான், என் கணவர் எல்லாரும் இப்படிப்பட்ட பலகைக்குக் கீழே படித்தவர்கள்தான்.

தலைமையாசிரியை ஐம்பது வயதைத் தாண்டியவர். விண்ணப்பம், நேர்காணல், கண்ணாடிக் கதவு எதுவும் இல்லை. ஒரு மர பெஞ்சில் உட்கார வைத்து, மகளிடம் பெயரைக் கேட்டார். பிறகு என்னிடம், "எமிஸ் நம்பர் இருக்கிறதா?" என்றார். டி.சி. வாங்கவில்லை, மூன்றாம் பருவக் கட்டணம் கட்டினால்தான் தருவோம் என்று பழைய பள்ளியில் சொல்கிறார்கள் என்றேன். "டி.சி. பிறகு வரட்டும். பிள்ளை நாளைக்கு வரட்டும்" என்றார்.

அவர் சொன்னது வெறும் பெருந்தன்மை இல்லை. கல்வி உரிமைச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு இதைத்தான் சொல்கிறது. பள்ளி மாற விரும்பும் குழந்தைக்கு முந்தைய பள்ளி உடனடியாக மாற்றுச் சான்றிதழ் தர வேண்டும். அது வரத் தாமதம் என்பதைக் காட்டிப் புதிய பள்ளி சேர்க்கையை மறுக்கவோ தள்ளிப்போடவோ கூடாது. ஆனால் இதில் ஒரு நுணுக்கம் உண்டு. பள்ளி மாறும் இந்த உரிமை அரசுப் பள்ளிக்கும் அரசு உதவி பெறும் பள்ளிக்கும் மாறுவதற்குத்தான். உதவி பெறாத தனியார் பள்ளியின் கதவை இந்தப் பிரிவைக் காட்டித் தட்ட முடியாது. அதனால்தான் நவம்பரில் ஏழு கதவுகள் மூடியிருந்தன, எட்டாவது திறந்திருந்தது.

எமிஸ் என்பதை ஊர் மாறும் பெற்றோர் நன்றாகத் தெரிந்துகொள்ள வேண்டும். தமிழகப் பள்ளிக் கல்வித் துறையின் கணினித் தகவல் அமைப்பு அது. ஒவ்வொரு மாணவருக்கும் அதில் ஓர் எண் உண்டு. தாளில் டி.சி. கையில் இருந்தாலும், பழைய பள்ளி கணினியில் அந்த எண்ணைக் 'காமன் பூல்' என்கிற பொதுத் தொகுப்புக்கு விடுவித்தால்தான் புதிய பள்ளி தன் பட்டியலில் எடுக்க முடியும். வங்கி மொழியில் சொன்னால், ஒரு கிளையில் கணக்கை முடித்துப் பணத்தை இடைக்கணக்கில் போட வேண்டும், மறு கிளை அங்கிருந்து எடுத்துக்கொள்ளும். முதல் கிளை முடிக்காவிட்டால் மறு கிளையில் ஒன்றும் நடக்காது. சட்டம் சேர்த்துக்கொள் என்கிறது, கணினி முடியாது என்கிறது. மகள் வகுப்பில் உட்கார்ந்துவிட்டாள், ஆனால் பதினெட்டு நாட்கள் கணினியின் கணக்குப்படி அவள் பாளையங்கோட்டையில்தான் இருந்தாள். விலையில்லாப் புத்தகம், சீருடைக்கெல்லாம் அந்த எண்தான் கணக்கு. தலைமையாசிரியை பழைய புத்தகம் ஒன்றைத் தேடிக் கொடுத்தார்.

அந்தப் பதினெட்டு நாட்கள் என் கணவருடைய பங்கு. பழைய பள்ளியில் இரண்டாம் பருவம்வரை கட்டணம் கட்டியாயிற்று. மூன்றாம் பருவத்துக்கான 8,500 ரூபாயையும் கட்டச் சொன்னார்கள். இரண்டு முறை போய், பணிவாகப் பேசிவிட்டு வெறுங்கையோடு வந்தார். மூன்றாம் முறை நான் சொன்னபடி ஒரு கடிதம் எழுதினார். மகளின் பெயர், வகுப்பு, எமிஸ் எண், கடைசியாகப் பள்ளிக்கு வந்த தேதி, இன்ன ஊரில் இன்ன பள்ளியில் சேர்ந்திருக்கிறாள், சட்டத்தின் 5-ஆம் பிரிவின்படி மாற்றுச் சான்றிதழ் வழங்கி எமிஸில் விடுவிக்க வேண்டும், இவ்வளவுதான். கோபமான வார்த்தை ஒன்றும் இல்லை. இரண்டு படி எடுத்து, ஒன்றைக் கொடுத்து, மற்றொன்றில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரையும் தேதியும் கேட்டார். முத்திரை போடத் தயங்கினார்கள். "பரவாயில்லை, பதிவுத் தபாலில் அனுப்புகிறேன், ஒரு படி வட்டாரக் கல்வி அலுவலருக்கும்" என்றதும் முத்திரை வந்தது. இரண்டு நாளில் எண் விடுபட்டது. வாயால் பத்து முறை கேட்பதைவிட முத்திரை விழுந்த ஒரு தாள் பலமானது என்பது என் தொழில் எனக்கு எப்போதோ சொல்லித் தந்தது. சொந்தக் காரியத்தில்தான் மறந்துவிட்டேன். சேர்க்கும்போது கட்டிய முன்வைப்புத் தொகை இன்றுவரை திரும்பவில்லை, அது வேறு கதை.

அப்போது எங்களிடம் இல்லாத ஒரு துணை இப்போது இருக்கிறது. கட்டண நிலுவைக்காக மாற்றுச் சான்றிதழை நிறுத்தி வைக்கவோ, நிலுவை என்று அதில் எழுதவோ கூடாது என்று 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. துறையின் 14417 என்ற உதவி எண்ணும் உண்டு.

சான்றிதழ்களில் எங்களுக்கு இன்னொரு சிக்கல், பெயர். பிறப்புச் சான்றிதழில் மகள் பெயருக்குப் பின்னால் அப்பாவின் முதலெழுத்து. ஆதாரில் அப்பாவின் முழுப் பெயர். பழைய பள்ளி எமிஸில் ஆங்கில எழுத்துக் கூட்டலே வேறு. ஐந்து வயதுக்கு முன் எடுத்த ஆதாருக்கு ஐந்து முடிந்ததும் கைரேகை, கருவிழிப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும் என்பதும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. ஊர் மாறுவதற்கு முன்பே, பழக்கமான ஊரில், பழக்கமான சேவை மையத்தில் மூன்றையும் ஒரே எழுத்துக்கூட்டலில் ஆக்கிக்கொள்ளுங்கள். புது ஊரில் வரிசையில் நிற்பது இரு மடங்கு நீளம்.

எங்கள் கிளையில் வேலை பார்க்கும் அக்கா ஒருவருக்கு நடந்ததையும் இங்கே சொல்ல வேண்டும். அவர் மகனுக்குத் தனியார் பள்ளியில் கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத ஒதுக்கீட்டில் கட்டணமில்லா இடம் கிடைத்திருந்தது. வாடகை குறைவு என்று வேறு பகுதிக்குக் குடி போனார்கள். அந்த இடம் கூடவே வரும் என்று நினைத்திருக்கிறார். அந்த ஒதுக்கீடு நுழைவு வகுப்பில் மட்டும்தான், அந்தப் பள்ளியில் மட்டும்தான். விட்டால் போனதுதான். வாடகையில் மாதம் இரண்டாயிரம் மிச்சம் பிடிக்கப் போய் பள்ளிக் கட்டணமாக அதைவிட அதிகம் கட்டுகிறார். அந்த ஒதுக்கீட்டில் பிள்ளை படிக்கும் வீடுகளில், வீடு மாறும் கணக்கைப் போடும்போது அந்த இடத்தின் விலையையும் சேர்த்துப் போட வேண்டும்.

மகளின் பக்கத்துக்கு வருகிறேன். படிப்பு எங்கே அறுந்துபோகுமோ என்று நான் பயந்தது நடக்கவில்லை. தமிழ்நாட்டில் தொடக்க வகுப்புகளுக்கு 2012-13-இலிருந்து முப்பருவ முறை. பாளையங்கோட்டையில் விட்ட இரண்டாம் பருவம் தாம்பரத்திலும் இரண்டாம் பருவம்தான். மாநிலப் பாடத்திட்டத்துக்குள்ளேயே மாறுகிறவர்களுக்கு இது பெரிய வசதி. கொஞ்சம் தள்ளிப்போட முடிந்தவர்கள் அரையாண்டு விடுமுறை முடிந்து ஜனவரியில் மூன்றாம் பருவம் தொடங்கும்போது மாறினால் இன்னும் சுலபம். எங்களுக்கு மார்கழி குறுக்கே நின்றது.

ஆனால் வேறு ஓர் அதிர்ச்சி காத்திருந்தது. அந்த ஆண்டுதான் அரசுப் பள்ளிகளில் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் தொடங்கியிருந்தது. ஒன்று முதல் மூன்று வகுப்புப் பிள்ளைகளை அவர்கள் நிலைக்கேற்ப அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துச் சொல்லித் தருவார்கள். வகுப்பாசிரியை மகளைப் படிக்க வைத்துப் பார்த்துவிட்டு, "கணக்கில் மொட்டு, தமிழில் அரும்பு" என்றார். அரும்பு என்றால் ஒன்றாம் வகுப்பு நிலை. அத்தைக்கு அவமானமாகிவிட்டது. "கட்டணம் கட்டிப் படித்த பிள்ளை தமிழில் அரும்பா?" எனக்கும் உள்ளூரச் சுருக்கென்றது. ஆங்கிலத்தில் பாட்டாகப் பாடுவாள், சரிதான். தமிழில் 'ழகர'த்தையும் 'ளகர'த்தையும் பிரித்து எழுதத் தெரியவில்லை என்பதை இரண்டு ஆண்டுகளாக நானும் கவனிக்கவில்லை. மதிப்பெண் அட்டையில் எல்லாம் 'ஏ' என்றுதானே இருந்தது.

பேச்சிலும் சிக்கல். மகள் "பையப் போ" என்பாள், மெதுவாகப் போ என்ற பொருளில். பக்கத்தில் இருந்த பெண் தன் புத்தகப் பையை எடுத்துக்கொண்டு நகர்ந்திருக்கிறாள். அழிரப்பர் கேட்டால் சிரிக்கிறார்கள் என்று முதல் வாரம் வாயே திறக்கவில்லை. மீட்டது வகுப்பாசிரியைதான். அவர் சங்கரன்கோவில் பக்கம். தென் மாவட்டங்களில் காலியிடம் குறைவு என்பதால் அங்கிருந்து ஆசிரியப் பணிக்கு வரும் பலருக்கு முதல் பணியிடம் செங்கல்பட்டு, திருவள்ளூர் பக்கம்தான் கிடைக்கிறது. அவர் ஒரு நாள் வகுப்பில் வேண்டுமென்றே "எல்லாரும் பைய எழுதுங்கள்" என்றாராம். அன்று மாலை மகள் வீட்டுக்கு வந்து அரை மணி நேரம் நிறுத்தாமல் பேசினாள். புது ஊரில் பிள்ளை பேசாமல் இருந்தால் உடனே மருத்துவரிடம் ஓடாமல், அவள் பேசும் சொல் அங்கே செல்லுபடியாகிறதா என்று பாருங்கள்.

குறைகள் இல்லாமல் இல்லை. இரண்டு ஆசிரியர்கள் ஐந்து வகுப்புகளைப் பார்த்தார்கள். கழிப்பறைத் தாழ்ப்பாள் உடைந்து மூன்று வாரம் அப்படியே கிடந்தது. டிசம்பரில் மாண்டஸ் புயலுக்குப் பிறகு விளையாட்டுத் திடலில் ஒரு வாரம் தண்ணீர் நின்றது. தாழ்ப்பாளை நான் வாங்கிக் கொடுத்தேன். பொருத்தியவர் இஸ்திரி அண்ணனின் மைத்துனர்.

உண்மையைச் சொல்வதென்றால், நான் அந்தப் பள்ளியில் மகளைச் சேர்த்தது மார்ச் வரைக்கும் என்ற கணக்கில். ஜூனில் நல்ல தனியார் பள்ளியாகப் பார்த்து மாற்றிவிடலாம் என்று ஜனவரியிலேயே ஒன்றில் பெயர் பதிந்தும் வைத்தேன். அரசுப் பள்ளியை நான் பாலமாகத்தான் நினைத்தேன். நடுவாண்டில் மாட்டிக்கொள்ளும் யாருக்கும் இந்தப் பாலம் இருக்கிறது என்பதை இன்றும் சொல்வேன். பிள்ளை நான்கு மாதம் வீட்டில் உட்கார வேண்டியதில்லை, யாருக்கும் முழு ஆண்டுக் கட்டணம் அழ வேண்டியதில்லை.

ஏப்ரலில் டி.சி. கேட்கப் போனேன். தலைமையாசிரியை ஆச்சரியப்படவில்லை. "எதிர்பார்த்தேன்" என்றார். பிறகு சற்றுத் தயங்கி, "முடிந்தால் ஆகஸ்ட் 1 வரைக்கும் வைத்திருங்கள். பிறகு தருகிறேன்" என்றார். எனக்குப் புரியவில்லை. அவர் வருகைப் பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார். ஆகஸ்ட் 1 அன்று இருக்கும் மாணவர் எண்ணிக்கையை வைத்துத்தான் பள்ளிக்கு எத்தனை ஆசிரியர் என்று கணக்கிடுகிறார்கள். தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர், 61 ஆனால் மூன்று. ஐந்தாம் வகுப்பு முடித்துப் போகிறவர்களைக் கழித்து, புதிதாகச் சேரக்கூடியவர்களைக் கூட்டி, அவர் பென்சிலால் ஓரத்தில் எழுதியிருந்த எண் 61. அதில் என் மகளும் ஒன்று.

அவர் கட்டாயப்படுத்தவில்லை. சட்டப்படி மறுக்கவும் முடியாது, மறுக்கவும் இல்லை. நான் டி.சி. கேட்ட விண்ணப்பத்தை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து கணவரிடம் தொலைபேசியில் சொன்னபோது, "இரண்டு மாதம்தானே, இருக்கட்டும்" என்றார். அத்தை மட்டும் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஆகஸ்ட் வந்தபோது தனியார் பள்ளியில் சேர்க்கை முடிந்திருந்தது. பெயர் பதிந்த பணம் போயிற்று. ஆகஸ்ட் 25 அன்று முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் மாநிலத்தின் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. அத்தை அதற்குள் ஊருக்குத் திரும்பியிருந்தார். காலையில் ஏழரைக்குள் இட்லி அவித்து, தலைபின்னி, எட்டேகாலுக்கு பஸ் பிடித்துக்கொண்டிருந்த எனக்கு, உப்புமாவும் கிச்சடியும் பள்ளியிலேயே என்ற செய்தி எப்படி இருந்திருக்கும் என்று காலையில் தனியாகப் பிள்ளை கிளப்பிய எவரும் ஊகிக்கலாம். நான் கொள்கைக்காக அரசுப் பள்ளியில் தொடர்ந்தவள் இல்லை. முதலில் ஒரு பென்சில் எண்ணுக்காக, பிறகு கிச்சடிக்காக, அதன் பிறகு வேறு இடம் தேட அலுப்பாகி, அப்படியே நான்காம் வகுப்பு, ஐந்தாம் வகுப்பு.

மூன்றாவது ஆசிரியர் 2023 நவம்பரில் வந்தார். விழுப்புரத்துக்காரர், கணக்கு நன்றாகச் சொல்லித் தருகிறார்.

தொடக்கப் பள்ளி ஐந்தோடு முடிகிறது. ஆறாம் வகுப்புக்கு மறுபடி தேட வேண்டும். இந்த முறை டி.சி.யும் எமிஸும் கவலை இல்லை, நேரமும் இருக்கிறது. பெண்கள் மேல்நிலைப் பள்ளி ஒன்று ரயில் பாதைக்கு அந்தப் பக்கம், மேற்கில். போன செவ்வாய்க்கிழமை அலுவலகத்துக்கு ஒரு மணி நேர அனுமதி போட்டுவிட்டு, காலை எட்டு மணிக்கு மகளையும் கூட்டிக்கொண்டு சுரங்க நடைபாதை வழியாக நடந்து பார்த்தேன். இருபத்தெட்டு நிமிடம். பாதி வழியில் என் முழங்கால் பிடித்துக்கொண்டது. "பைய வாருங்கள் அம்மா, இன்னும் நேரம் இருக்கிறது" என்று அவள் முன்னால் போய்க்கொண்டிருந்தாள்.